ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து

அத்தியாயம் 9

போன வாரம் ஓர்லாவை அவளுடைய மாமா ஃபின்டன் வீட்டுச் சமையலறையில் விட்டுவிட்டு வந்தோம். ஆறிப்போன தேநீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்திரேலியாவில், அண்ணன் டாரா இருக்கும் பெர்த் நகரத்திலேயே ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, பிப்ரவரி கடைசியில் விமானம். இவ்வளவையும் மாமாவிடம் கொட்டிவிட்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா, கிறிஸ்துமஸ் முடியட்டும், நானே சொல்றேன்" என்று கெஞ்சினாள்.

ஃபின்டன் வாக்குக் கொடுத்தார். யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, நவம்பரின் கடைசி வெள்ளி. அயர்லாந்தில் அவர்கள் ஊரான முல்லிங்கர் ஸ்டேஷனில் இன்னும் விடியவில்லை. நடைமேடையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. டப்ளின் போகும் முதல் ரயிலுக்கு நிற்கிறவர்கள் யாரும் பேசவில்லை, காலை மட்டும் தட்டிக்கொண்டார்கள்.

ரயில் வந்ததும் ஓர்லாவின் அம்மா டிம்ப்னா தன் வழக்கமான இடத்தைப் பிடித்தாள். நடுவில் மேஜை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை. ஜன்னலோரம் அவள். எதிரே ஜன்னலோரம் மகள் ஓர்லா. மகளுக்குப் பக்கத்தில் தம்பி ஃபின்டன். டிம்ப்னாவுக்குப் பக்கத்து இருக்கையில் கைப்பை. கால்வாய் தெரிகிற பக்கம்தான் வேண்டும் என்பாள். இந்த இருட்டில் கால்வாயாவது கழுதையாவது என்று ஃபின்டன் தினமும் கேலி செய்வார், அவளும் தினமும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஓர்லா உட்கார்ந்திருக்கும் அந்த எதிர் இருக்கை முன்பு யூஜினுடையது. பதினெட்டு வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் இப்படியே எதிரெதிரே உட்கார்ந்து டப்ளின் போய்வந்தார்கள். வீட்டில் பேசியதைவிட ரயிலில் பேசியதுதான் அதிகம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்த இருக்கையில் கோட்டு வந்தது, கணினிப்பை வந்தது, அசந்து தூங்குகிற முகம் தெரியாத ஆட்கள் வந்தார்கள். டிம்ப்னா ஜன்னலைப் பார்த்தபடியே போய்வந்தாள். அப்போதெல்லாம் ஃபின்டன் அடுத்த ரயில்காரர். விடிவதற்கு முன்னால் எழுந்திருப்பது ஆடு மாடுகளின் வேலை என்பது அவர் கட்சி.

பிறகு டப்ளின் வாடகை ஏறிய ஏற்றத்தில் ஓர்லா மூட்டை முடிச்சோடு அம்மா வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போனால் அப்புறம் எதை வைத்துச் சாப்பிடுவது? நாடே வாடகையைத் திட்டிக்கொண்டிருந்தபோது டிம்ப்னா ஒருத்திதான் உள்ளூர அதற்கு நன்றி சொன்னாள். மருமகளுக்காக மாமாவும் சீக்கிரம் எழுந்திருக்கக் கற்றுக்கொண்டார்.

இதில் வேடிக்கை, டிம்ப்னா தினமும் போக வேண்டியதே இல்லை. அவள் விளக்குச் சாமான்கள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவு. வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று நிர்வாகம் சொல்லி வெகுகாலம் ஆகிறது. ஐந்து நாளும் வருகிறாளே, என்ன கடமையுணர்ச்சி என்று மேலாளர் ஊரெல்லாம் புகழ்கிறார். வீட்டில் யாரும் இல்லை என்பதுதான் காரணம் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

டிம்ப்னா பிளாஸ்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றினாள். மகளிடம் நீட்டியபடியே கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

எதற்குக் கையெழுத்து என்று அந்த ரயிலில் யாரும் கேட்க மாட்டார்கள். நவம்பர் கடைசி என்றால் வருஷ டிக்கெட்டுக்குப் பேர் கொடுக்கும் காலம். கம்பெனியே ரயில்காரர்களிடம் டிக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிடும். அந்தக் காசைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளும், அதுவும் வரி வெட்டுவதற்கு முன்னாலேயே. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? டிக்கெட்டுக்குப் போன பணம் சம்பளக் கணக்கிலேயே வராததால் அதற்கு வரியும் கிடையாது. நல்ல சம்பளக்காரர்களுக்கு ஏறக்குறைய பாதி விலைக்கு ரயில் ஓடுகிற மாதிரி.

இந்த ஏற்பாட்டுக்கு டிம்ப்னாவைப்போல ஒரு பக்தை அயர்லாந்திலேயே இருக்க முடியாது. நவம்பர் வந்தால் மேஜை மேஜையாகப் போய் ஆள் பிடிப்பாள். அவளிடம் இன்றுவரை சிக்காத ஒரே ஆள் உடன்பிறந்த தம்பிதான். துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கும் ஃபின்டன் தினமும் டிக்கெட் ஜன்னலில் நின்று, முழு விலை கொடுத்து, அன்றைய டிக்கெட்டை அன்றே வாங்குவார். அவருடைய ஆபீசிலும் இந்த வசதி உண்டு. "நாளைக்கு நான் இருப்பனான்னே தெரியாது. இதுல வருஷத்துக்கு வாங்கி வச்சுக்கிட்டு யாரு அழறது?" என்பார்.

அதற்கு டிம்ப்னாவிடம் நிரந்தரமாக ஒரு பதில் உண்டு. இன்றும் சொன்னாள்.

"இவன் பொண்ணு பாக்கப் போனதே ஒருநாள் டிக்கெட்லதான். சாயங்காலம் ஆனா திரும்பிடணும். அதான் அம்பது வயசுலயும் தனியா முட்டை வேகவச்சுக்கிட்டிருக்கான்."

"நல்லா வேகவைப்பேன்கா, அதையும் சொல்லு" என்றார் ஃபின்டன்.

ஓர்லா சிரித்தாள். சிரித்த வேகத்தில், தேநீரை ஊதிக்கொண்டே, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"நான் இந்தத் தடவை மாச டிக்கெட்டே போட்டுக்கலாம்னு இருக்கேம்மா."

ஃபின்டன் ரயிலின் கூரையைப் பார்த்தார்.

டிம்ப்னா பிளாஸ்கை மூடிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது, பிறகு உள்மூடியை இறுக்கித் திருகினாள். மாச டிக்கெட்டையும் ஆபீஸ் மூலமாகவே வாங்கலாம், அதற்கும் வரி கிடையாது. ஆனால் வருஷ டிக்கெட் அளவுக்கு லாபம் இல்லை. வாரத்தில் ஐந்து நாளும் டப்ளின் போகிற ஒருத்தி மாச டிக்கெட் கேட்டால், வருஷம் முடியும்போது அவள் அங்கே இருக்கப்போவதில்லை என்று அர்த்தம். டிம்ப்னா இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள்! கல்யாணம் நிச்சயமானதை அம்மாவுக்கே சொல்லாத பெண், வேறு கம்பெனியில் பேசி முடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல வந்து நின்ற பையன், எல்லோரும் நவம்பரில் அவள் மேஜைக்கு வந்து "மாசம் போதும்" என்றுதான் சொன்னார்கள். அவளும் அதை யாரிடமும் சொல்லாமல் குறித்துக்கொண்டாள்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

டியூட்டி நேரம் மாறினாலும் மாறுமாம், எதற்கு வம்பு என்று ஏதோ சொன்னாள் ஓர்லா.

"சரி" என்றாள் டிம்ப்னா.

அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. வழியில் மேனூத் ஸ்டேஷனில் மாணவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு டிம்ப்னா பக்கத்து இருக்கையைக் காலி செய்துகொடுத்தாள். டப்ளின் கானலி ஸ்டேஷனில் இறங்கி, மகளுடைய கோட்டுக் காலரைச் சரி செய்துவிட்டு, ஆற்றங்கரைப் பக்கமாக நடந்து போனாள். எப்போதும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். இன்று பார்க்கவில்லை.

ஓர்லா அதைக் கவனிக்கவே இல்லை. டிராமைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மாமா போன் செய்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"உனக்கு அறிவு இருக்கா?" என்று ஆரம்பித்தார் ஃபின்டன். "மாசம்னு ஏன் சொன்னே?"

"வேற என்ன சொல்றது மாமா? மார்ச்சுல நான் இங்க இருக்கவே மாட்டேன். வருஷத்துக்கு எப்படிப் போடறது?"

"யார்கிட்ட சொன்னே பாரு. அவளுக்கு அதுதான் தொழிலே. டாக்டர் முன்னாடி போய் லொக்கு லொக்குனு இருமிட்டு, எனக்குச் சளியே இல்லைங்கற மாதிரி இருக்கு."

ஓர்லாவுக்கு அம்மாவின் அந்தச் 'சரி' ஞாபகம் வந்தது. அம்மா எதற்கும் ஒரே வார்த்தையில் சரி சொல்லி அவள் கேட்டதில்லை.

"தெரிஞ்சிருக்குமா மாமா?"

தெரிந்திருக்கும், தெரியாமலும் இருக்கலாம், எதற்கும் சாயங்காலமே சொல்லிவிடுவது நல்லது என்று மூன்று விதமாகவும் சொன்னார் அவர். பிறகு, மாடியில் தனக்கு ஒரு வேலை இருக்கிறது, அங்கே ஒரு பெண்ணை அவள் சாப்பிடப் போவதற்குள் பிடிக்க வேண்டும் என்று அவசரமாக வைத்துவிட்டார்.

ஓர்லா எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் வரைக்குமாவது அம்மா சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாள்! விசாக் கடிதத்தைக் கழிப்பறையில் நின்று படித்தவள், பெட்டி வாங்கி அதைத் தோழி வீட்டில் ஒளித்துவைத்தவள். கடைசியில் ஒரு ரயில் டிக்கெட்டில் போய் மாட்டிக்கொண்டாள்.

நேரே மருத்துவமனையின் சம்பளப் பிரிவுக்குப் போனாள். மாசம் என்று சொன்னதை வருஷம் என்று மாற்ற முடியுமா என்று கேட்டாள். இன்றைக்குள் என்றால் தாராளமாக என்றார்கள். நடுவில் வேலையை விட்டால்? டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அங்கிருந்த பெண், கண்ணை உயர்த்தாமலே. தினமும் நாலு பேர் கேட்கிற கேள்வி போலிருக்கிறது.

அவ்வளவுதானா என்றிருந்தது ஓர்லாவுக்கு. காலையிலேயே இது தெரிந்திருந்தால் அம்மா முகத்தை நேராகப் பார்த்து வருஷம் என்றே சொல்லியிருக்கலாம். ஒரு முழுப் பூசணிக்காய், ஒரு கவளம் சோறு. எப்படியோ மறைந்தால் சரி. கையெழுத்தைப் போட்டாள். வெளியே வந்தபோது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், திருடிவிட்டு வருகிறவள்போல இருந்தது.

ஆற்றங்கரை ஆபீசில் டிம்ப்னாவுக்கு அன்று வேலை அதிகம். மாலைக்குள் வருஷ டிக்கெட்டுக்காரர்களின் பேரெல்லாம் ரயில்காரர்களுக்குப் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை என்பதால் மாடி முழுக்கக் காலி நாற்காலிகள், எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து வேலை. முன்பெல்லாம் மேஜை மேஜையாகப் போய் வம்பளந்து வாங்கிய சம்மதங்களை இப்போது போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாங்க வேண்டியிருந்தது. பாதிப் பேர் "வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றதுக்கு எதுக்கு டிம்ப்னா வருஷ டிக்கெட்? கட்டுப்படி ஆகாது" என்றார்கள். நியாயம்தான். கணக்கு அவர்கள் பக்கம் இருக்கும்போது அவள் என்ன வாதாடுவது?

மத்தியானம் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். குளிரில் வேறு யாரும் இல்லை. கடற்பறவைகள் மட்டும் ரொட்டிக்காகச் சுற்றிச் சுற்றி வந்தன.

போன ஞாயிற்றுக்கிழமை டாரா போனில் தன் வீட்டைக் காட்டினான். விருந்தாளி அறையில் புதுக் கட்டில். யாருக்குடா என்று கேட்டாள். சும்மாதாம்மா, தள்ளுபடியில் போட்டிருந்தான் என்றான். அப்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்தக் கட்டில் கண் முன்னால் வந்து நின்றது, மேலே மடித்து வைத்திருந்த பூப்போட்ட போர்வையோடு. டாராவுக்குப் பூப்போட்டது என்றாலே ஆகாது.

அவனும் ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆறு வருஷம் ஆகிவிட்டது. பேரன் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். அவள் அவனைக் கையளவு கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறாள்.

மகள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபத்துக்கு ஒரு சூடு உண்டு. இது வெறும் பயம். பிப்ரவரியோ மார்ச்சோ, ஒரு காலையில் ரயில் வந்து நிற்கும், அதே ஜன்னலோரம் உட்காருவாள், எதிரே ஒரு கோட்டு வந்து உட்காரும். தம்பி இருப்பானே என்று ஒரு நினைப்பு வந்தது. அவனை நம்பியா? ஓர்லாவுக்காகச் சீக்கிரம் எழுந்தவன், அவள் போனதும் பழையபடி அடுத்த ரயிலுக்குப் போய்விடுவான். ஒருநாள் டிக்கெட்காரன் எந்த ரயிலில் வருவான் என்று யாரால் சொல்ல முடியும்?

ரொட்டியில் பாதியைப் பறவைகளுக்குப் போட்டுவிட்டு மாடிக்குத் திரும்பினாள்.

வருஷா வருஷம் அந்தப் பட்டியலின் முதல் வரியில் தன் பேரைத்தான் அடிப்பாள். யூஜின் இருந்தபோது இரண்டு பேரும் ஒரே நாளில், அவரவர் ஆபீசில் பேர் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஸ்டேஷனில் ஆளுக்கொரு பியர் குடித்து அதைக் கொண்டாடுவார்கள். இன்னொரு வருஷம் இந்த ரயிலா என்று அலுத்துக்கொண்டே குடிப்பார் யூஜின்.

இன்று முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு மற்ற எல்லாப் பேரையும் அடித்து முடித்தாள். பிறகு மேலே போனாள். 'டி' என்று அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள், மறுபடியும் அழித்தாள். ஊருக்கெல்லாம் கையெழுத்து வாங்கியவளுக்குத் தன் பேரை அடிக்க வரவில்லை. காலி வரியை நீக்கிவிட்டு, அனுப்பிவிட்டாள்.

சாயங்கால ரயிலில் கால் வைக்க இடமில்லை. தாயும் மகளும் முன்னாலேயே வந்துவிட்டதால் மேஜை கிடைத்தது. ஃபின்டனுக்காக டிம்ப்னாவின் பக்கத்தில் வைத்திருந்த இடத்தில் ஒரு மாணவன் உட்கார்ந்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, அடுத்த நிமிஷமே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். ஃபின்டன் கடைசிப் பெட்டியில் ஏறிவிட்டதாகவும் கூட்டம் குறைந்ததும் வருவதாகவும் தகவல் அனுப்பியிருந்தார்.

ரயில் கிளம்பியதும் ஓர்லா சொன்னாள், ரொம்பச் சாதாரணமாக, நாள் முழுக்கப் பழகிப் பார்த்த குரலில்.

"யோசிச்சுப் பாத்தேம்மா. நீ சொல்றதுதான் சரி. வருஷத்துக்கே போட்டுட்டேன்."

டிம்ப்னா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தோலைச் சின்னச் சின்னதாகக் காகிதத்தில் சேர்த்தாள். ஒரு சுளையை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"நடுவுல வேலைய விட்டா திருப்பிக் குடுத்துடலாம்னு சொல்லியிருப்பாங்களே."

ஓர்லா சுளையைக் கையில் எடுத்தாள், வாயில் போடவில்லை.

"உங்கப்பா டிக்கெட்டையும் அப்படித்தான் திருப்பினேன். அவர் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. சின்னப் பொண்ணு, கேக்கவே முடியாம அழுவுது. எப்படி அனுப்பணும், எங்க எழுதணும்னு நான்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஏழு மாசம் மிச்சம் இருந்துது அதுல."

"அம்மா..."

"ஏமாத்தறதுன்னா காலையிலயே ஏமாத்தியிருக்கணும் ஓர்லா. காலையில நீ நெஜத்தச் சொல்லிட்டே. அப்பறம் வந்து மாத்துனா ஆச்சா?"

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ படிவத்தைத் தப்பாக நிரப்பிவிட்ட புது ஆளுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதுதான் ஓர்லாவுக்குத் தாங்கவில்லை. கண்ணீர் மூக்கு நுனி வரைக்கும் வந்து மேஜையில் சொட்டியது.

"பெர்த்தா?" என்றாள் டிம்ப்னா.

ஓர்லா தலையை ஆட்டினாள்.

"அந்தப் பூப்போட்ட போர்வை உனக்குத்தானா. எப்ப?"

"பிப்ரவரி கடைசி." பிறகு அவசரமாக, "ஒரு வருஷந்தாம்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் இதே வார்த்தையை இதற்கு முன் யார் சொன்னார்கள் என்று அவளுக்கே நினைவு வந்தது. டிம்ப்னாவின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"உனக்குப் பிடிக்கலேன்னா நான் போகலம்மா. நெஜமா. எழுதிப் போட்டுடறேன், வரலேன்னு."

தூங்குகிற மாணவனின் தலை டிம்ப்னாவின் தோள் பக்கம் சாய்ந்தது. அதை மெல்ல எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டாள்.

"நான் தடுத்தா நீ இருந்துடுவே. அது எனக்குத் தெரியும். இருந்துட்டு, தெனம் காலையில எதிர்ல உக்காந்து என்னைப் பாப்பே பாரு, அந்தப் பார்வை எனக்கு வேண்டாம். போயிட்டு வா."

இருட்டில் வீடுகளின் விளக்குகள் ஓடின. ஓர்லா ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்திருந்தாள். வேறு எதையாவது பேச வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

"நீ போட்டுட்டியா, உன்னுது?"

"இல்ல."

"மறந்துட்டியா? நீயா?"

"மறக்கல. வருஷம் பூரா உன் எடத்தைப் பாத்துக்கிட்டே போறேன்னு எழுதிக் குடுக்கக் கை வரல. உங்கப்பா போனப்ப ஒரு வருஷம் பாத்தேன், போதும். ஜனவரிலேர்ந்து வீட்லயே வேலை பாக்குறேன். எல்லாரும் பாக்கலையா?"

அந்த வீட்டை ஓர்லாவுக்குத் தெரியும். தபால்காரர் கதவைத் தட்டினால்தான் உண்டு. அவள் திரும்பி வந்த புதிதில், எல்லா அறையிலும் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. அணைக்கப் போனவளை டிம்ப்னா தடுத்தாள், ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று.

"அந்த வீட்லயாம்மா? நாள் பூரா? அதுக்கு இந்த ரயிலே தேவலையே."

"ரெண்டும் ஒண்ணுதான். அங்க காலியா இருக்கறது எனக்குப் பழகிப்போச்சு." பிறகு குரலைத் தணித்தாள். "மாமாகிட்ட இப்ப சொல்லாதே. குதிப்பான்."

மேனூத் வந்தது. மாணவன் திடுக்கிட்டு எழுந்து, பையை இழுத்துக்கொண்டு ஓடினான். பாதிப் பெட்டி காலியானது. அந்த இடைவெளியில், நடைவழியில் ஒவ்வொரு இருக்கையையும் பிடித்துக்கொண்டு, குளிரில் சிவந்த முகத்தோடு ஃபின்டன் வந்து சேர்ந்தார். அக்காவின் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார். ஓர்லாவின் கண் சிவந்திருப்பதை அவர் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார்.

"அக்கா, உன் பிரசங்கம் பலிச்சிடுச்சு. வருஷ டிக்கெட்டுக்குப் போட்டுட்டேன்."

இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"மத்தியானம் மாடிக்குப் போயி, சம்பளப் பிரிவுப் பொண்ணு சாப்பிடக் கெளம்பறதுக்குள்ள புடிச்சு, போட்டோல்லாம் எடுத்துக் குடுத்துட்டேன். நம்ப மாட்டேங்குது அது. நெஜமாத்தானான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு."

"எதுக்குடா திடீர்னு?" என்றாள் டிம்ப்னா.

"எதுக்கா? நீதானே சொல்லுவே, வரி மிச்சம், அது மிச்சம், இது மிச்சம்னு." ஃபின்டன் ஓர்லாவை ஓரக்கண்ணால் பார்த்தார். கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். "எதிர்ல பேசறதுக்கு ஒரு ஆள் வேணும்ல உனக்கு. சில பேர் இருப்பாங்க, சில பேர் டூட்டி மாறிப் போயிடுவாங்க. யாரக் கண்டது? ஆனா நான் இருப்பேன். இந்த ரயில்தான், இந்த மேஜைதான், மழையோ பனியோ. ஞாயித்துக்கெழமைகூடச் செல்லுமாம் அந்த டிக்கெட்டு. எங்கயாவது போலாம்னா போலாம். ஒரு வருஷம், அக்கா. இத்தன நாளுக்கு நான் யாருக்கும் எழுதிக் குடுத்ததில்ல."

சொல்லி முடித்ததும் வெட்கம் வந்துவிட்டது அவருக்கு. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துத் தட்டினார்.

டிம்ப்னா மீதி ஆரஞ்சை அப்படியே அவர் கையில் வைத்தாள். மத்தியானமே அவள் அனுப்பிய பட்டியல் போய்ச் சேர்ந்திருக்கும். ரயில்காரர்களின் ஆபீஸ் இந்நேரம் பூட்டியிருக்கும், திங்கள்கிழமைதான் திறக்கும். கடைசி நாள் தாண்டினால் தாண்டியதுதான் என்று எத்தனை பேரிடம் அவளே கறாராகச் சொல்லியிருக்கிறாள்!

ஃபின்டன் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே கேட்டார்.

"நீ போட்டுட்டேல்ல?"

ஓர்லா அம்மாவைப் பார்த்தாள். டிம்ப்னா தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள், கண்கூடச் சிமிட்டவில்லை.

"நான் போடாம இருப்பேனாடா?" என்றாள்.

"அதானே" என்று சொல்லிவிட்டு ஃபின்டன் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார். டிம்ப்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே கால்வாய் இருக்க வேண்டும். கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது.